துடைத்துக் கொடுத்த கடல்

ஒரே ஒரு கடலிலே ஒரே ஒரு மைக் இருந்ததாம். ஊம் கொட்டுங்கள் தம்பி. ஊம் கொட்ட ஆள் இல்லாமல் கதை சொன்னால், சொல்கிறவனுக்குக் கிறுக்கு என்பார்கள். ஏற்கனவே இந்த வராண்டாவில் இரண்டு பேர் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதோ தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒரு பெண், பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் தூணில் சாய்ந்துகொண்டு ஓர் ஆள், இடுப்பில் கட்டம் போட்ட சாரம். அவர்களை அப்புறம் பார்ப்போம்.

உங்கள் டோக்கன் என்ன? நாற்பத்தேழா? வாரிசுச் சான்றிதழா? இப்போதுதான் முப்பத்தொன்று போகிறது. கலெக்டர் ஆபீஸ் என்றால் அப்படித்தான். நிம்மதியாக உட்காருங்கள். ஐந்து மணிக்குத்தான் பூட்டுவார்கள்.

எனக்கும் ஐந்து மணிதான் கணக்கு. இரண்டாவது கதவு தெரிகிறதா? அதற்குள் ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கிறது. சிப்பிக்காட்டுக் கடலில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க ஒரு ஜெட்டி கட்டலாமா, கூடாதா என்று முடிவு செய்கிற கமிட்டி. ஆட்சேபம் இருந்தால் இன்று ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் ஃபைலுக்குள் ஒரு தாள் வைத்திருக்கிறாள். அதில் நான் கையெழுத்துப் போட்டால் ஜெட்டி வேலை நின்றுவிடும். போடாவிட்டால் திங்கட்கிழமை கடலுக்குள் மொத்தத் தூணையும் அடிக்க ஆரம்பிப்பார்கள். என் ஒரு கையெழுத்து. இருபத்தெட்டு வருடம் என் கையெழுத்தை ஒரு நாய்கூட மதித்ததில்லை. இன்றைக்கு அதற்குக் காவல் நிற்கிறார்கள்.

போட மாட்டேன். ஏன் என்று கேளுங்கள்.

என் பெயர் ஞானதிரவியம். கடலாராய்ச்சி நிலையத்தில் தொழில்நுட்ப உதவியாளர். சொந்த ஊர் நாசரேத்துப் பக்கம். கடலில் இருபத்தெட்டு வருடம் கழித்தும் 'எந்திச்சேன், போனேம்' என்று பேசாதவன். சுத்தமாகத்தான் பேசுவேன். சுத்தம் எனக்கு ரத்தத்திலேயே உண்டு. நிலையத்துக்கு வருவதற்கு முன் துறைமுகத்தில் ஆழம் பார்க்கிற படகில் இருந்தேன். படகுக்கு அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் விடுவோம். அது தரையில் மோதித் திரும்பி வரும். போய் வந்த நேரத்தை வைத்து ஆழம் சொல்லிவிடலாம். அந்த ஒரு 'டிக்'தான் சத்தம். நடுவில் காதில் விழுகிற மற்றதெல்லாம் அழுக்கு. அழுக்கைத் துடைத்துவிட்டு 'டிக்'கை மட்டும் எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். கப்பல் எதுவும் தரை தட்டியதில்லை தம்பி. என் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

அப்படிப்பட்டவனிடம் வந்து சேர்ந்தாள் செண்பகவல்லி. டாக்டர் செண்பகவல்லி. அந்த ஃபைல் பெண்தான். ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். மீன் சத்தம் டாக்டர்.

"கடலுக்குள்ள ஒரு மைக் வைக்கணும் சார்" என்றாள்.

"எதற்கம்மா?"

"கேக்கிறதுக்கு சார்."

"அங்கே யார் பேசுகிறார்கள்?"

"அதத்தான் சார் கேக்கப் போறோம்."

எவ்வளவு படிப்பு! கடைசியில் மீனுக்கு மைக் நீட்டிப் பேட்டி எடுக்கிறாள். எங்கள் தெருவில் ஒரு பெண் கல்யாண வீட்டு வீடியோவில் இதே வேலைதான் செய்கிறது, பத்தாம் வகுப்புதான் படித்திருக்கிறது.

விஷயம் என்னவென்றால், தூண் அடிக்கிற சத்தத்தில் மீனெல்லாம் ஓடிவிடும் என்று சிப்பிக்காட்டுக்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். சரி, தூண் அடிப்பதற்கு முன்னால் அந்தக் கடல் எப்படி இருந்தது என்று முதலில் நாற்பது நாள் பதிவு செய்து கொடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அந்த நாற்பது நாளைத் தவற விட்டால், தூண் வேலை நடக்கிற வரை திரும்பக் கிடைக்காது. ஏனென்றால் ஜெட்டிக்காரர்கள் வைகாசியில் சோதனைக்கு என்று நாலு தூண் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது மைக் போட்டால் டம் டம் என்று அதுதான் கேட்கும்.

பங்குனியில் மைக்கை இறக்கினோம், மணிக்குப் பத்து நிமிடம் பதிவு செய்கிற மாதிரி. அதற்கு வள்ளம் ஓட்டினவன்தான் அந்தத் தூணில் சாய்ந்து நிற்கிற கயித்தான். அவனுக்கு இந்த மைக், கம்பியூட்டர் எதுவும் வேண்டாமாம். துடுப்பைத் தண்ணீரில் விட்டு, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். மாதா கோயிலில் பாவ அறிக்கை கேட்கிற சாமியார் மாதிரி.

"கத்தாளை மீனு கத்துது சார். கேக்கீங்களா?"

"துடுப்பா பேசுகிறது?" என்றேன்.

"துடுப்பு எங்க சார் பேசுது? நீங்கதான் பேசுதீங்க. செத்த நேரம் வாய மூடினா மீன் பேசும்."

என்னைப் பார்த்து! எட்டாம் வகுப்புப் படித்தவன்! அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஊம் சொல்லுங்கள்.

மைக்கை எடுக்க வேண்டிய வாரத்தில் அவளுக்கு டைபாய்டு. ராஜபாளையத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான்தான் போய் எடுத்து வந்தேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், அதையும் கயித்தான் வேடிக்கை பார்த்தான். நிலையத்துக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டால், கடவுளே, என்ன குப்பை! கடுகை எண்ணெயில் கொட்டினது மாதிரி பொரிகிறது. நிற்கவே இல்லை. காலையில் பொரிகிறது, மத்தியானம் பொரிகிறது. மைக்கின் வயரில் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது என்று நினைத்தேன். சாயங்காலம் ஆனால் அதற்கு மேலே இன்னொன்று. கொர்ர், கொர்ர் என்று. ஒன்று ஆரம்பித்ததும் பத்து, பத்து ஆரம்பித்ததும் ஆயிரம். வள்ளத்தை எவனோ மணலில் இழுக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வேறு ஒருவனாக இருந்தால் அந்தக் குப்பையை அப்படியே அனுப்பியிருப்பான். நான் உட்கார்ந்து துடைத்தேன் தம்பி. பத்தொன்பது நாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. முதலில் பொரிச்சலை எடுத்தேன். அதற்கு ஒரு வடிகட்டி இருக்கிறது, கம்பியூட்டரிலேயே. பிறகு கொர்ரை எடுத்தேன். அங்கங்கே தட்டுகிறது, முட்டுகிறது, அதையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டினேன். நாற்பது நாள் கடலையும் காதால் கேட்டு, கையால் துடைத்தேன். கடைசியில் எப்படி இருந்தது தெரியுமா? கண்ணாடி. ஒரு சொட்டுச் சத்தம் கிடையாது.

பழையதா? அதை அழித்துவிட்டேன். என்ன கேள்வி இது? நீங்கள் பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு எழுதினதில்லையா? ஃபேரில் எழுதி முடித்த பிறகு ரஃப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? பஜ்ஜி மடிக்கலாம். எங்கள் சயின்ஸ் வாத்தியார் ரஃப்பைக் கிழித்துக் காட்டினால்தான் ஃபேரில் கையெழுத்துப் போடுவார். அப்படி வளர்ந்தவன் நான். 'சரிபார்க்கப்பட்டது, ஞானதிரவியம்' என்று எழுதி, சீல் குத்தி, கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே.

ஜெட்டிக்காரர்களின் வக்கீல் என்ன செய்தார் தெரியுமா? என் வேலையைப் பாராட்டினார். ஆமாம், கமிட்டி முன்னாலேயே. "அரசாங்கப் பதிவே சொல்கிறது. இவ்வளவு தெளிவான பதிவை நான் பார்த்ததில்லை. நாற்பது நாளில் ஒரு மீனின் சத்தம்கூட இல்லை. ஏற்கனவே செத்துப்போன கடல் இது. நாங்கள் தூண் அடித்து எதை விரட்டப் போகிறோம்?" என்றார். தெளிவான பதிவு! இருபத்தெட்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். முழுக்கைச் சட்டை, நல்ல மனிதர்.

அந்தப் பெண் டைபாய்டிலிருந்து எழுந்து வந்தாள். எலும்பும் தோலுமாக. "சார், அந்த ஒரிஜினல் எங்க?" என்றாள்.

"இதுதான் ஒரிஜினல்."

"இல்ல சார், நீங்க சுத்தம் பண்ணாதது."

"சுத்தம் பண்ணாததை யாராவது வைத்திருப்பார்களா?"

முதலில் சிரித்தாள். நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அந்தப் பொரிச்சல்தான் சார் கடல். பாருல இருக்கிற சின்ன எறாலு கொடுக்கைச் சொடுக்கிற சத்தம் சார் அது. அது இருந்தாத்தான் பாரு உயிரோட இருக்குன்னு அர்த்தம்" என்றாள். பார் என்றால் கடலடிப் பாறைத்தரை. இறால் சொடக்குப் போடுகிறதாம். அதைக் கேட்க அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதாம்.

ஒரு நன்றி? பத்தொன்பது நாள் உழைப்புக்கு ஒரு 'தேங்க்ஸ் சார்'? கிடையாது.

இதோ வருகிறாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறாள் பாருங்கள்.

என்னம்மா? படித்தேன், படித்தேன், காலையிலேயே படித்தேன். தம்பி, நீங்களே இதைப் படித்துச் சொல்லுங்கள். 'பதிவிலிருந்த ஒலிகளை நான் தவறுதலாக நீக்கிவிட்டேன்.' தவறுதலாக! ஓய்வுபெற நாலு மாதம் இருக்கிறது. என் சர்வீஸில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. நான் தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

கேட்டீர்களா, அந்த வார்த்தையை அடித்துவிடுகிறேன் என்கிறாள். 'நீக்கினேன்' என்று மட்டும் இருந்தால் போதுமாம். பதிவு செல்லாது என்று ஆகிவிட்டால் தூண் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி நாற்பது நாள் கேட்கச் சொல்வார்களாம். அடியம்மா, அடித்தல் திருத்தல் உள்ள தாளில் நான் கையெழுத்துப் போட்டு நீ பார்த்திருக்கிறாயா? போ, புதுசாக எழுதிக்கொண்டு வா.

நிற்கிறாள். போகிற வழியைக் காணோம்.

என்ன தம்பி, நீங்கள் வாயைத் திறந்து கேட்கிற இரண்டாவது கேள்வி இது. எப்படி இருந்தது என்றா? எது, அந்தச் சத்தமா? சொன்னேனே, கடுகு. இல்லை, வெறும் கடுகு இல்லை. கேளுங்கள். விடியும்போது சின்னக் கடுகு, கிடிகிடிகிடி என்று. வெயில் ஏற ஏறப் பெரிய கடுகு. டப், டப்டப், இப்படி. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்க வேண்டும். மத்தியானம் கொஞ்சம் தணியும். நாலரை மணிக்குத் தூரத்தில் ஒரே ஒரு கொர்ர். தொண்டையிலிருந்து. கொர்ர்... கொர்ர். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அப்புறம் இந்தப் பக்கம் ஒன்று பதில் சொல்லும், கொஞ்சம் கட்டையாக. கொர்ர்ர்ர்க். பிறகு கேட்க முடியாது, மொத்தமாக ஒரு இரைச்சல். நாற்பது நாளும் இதே குப்பை. எனக்கு மனப்பாடம்.

பார்த்தீர்களா, தூணிலிருந்து கயித்தான் வந்துவிட்டான். "மொதல்ல சத்தம் போட்டது கடாக் கத்தாளை சார். கட்டையா பதில் சொன்னது பன்னா" என்கிறான். நான் தொண்டையைக் கனைத்தால் அதற்கும் ஒரு மீன் பேர் வைப்பான் போலிருக்கிறது.

என்ன? ஸ்பீக்கரில் ஏதோ கரகரவென்று... உங்களை இல்லை தம்பி, உட்காருங்கள். அந்த ஸ்பீக்கரில் என்ன சொன்னாலும் கொர்ரென்றுதான் கேட்கும். எந்தக் காலத்து ஸ்பீக்கரோ. விட்டுத்தள்ளுங்கள். உங்கள் கை எங்கே, இப்படிக் கொடுங்கள். நான் முக்கியமான இடத்தில் இருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் ஒரு வேடிக்கை. குருவி! கடலுக்குள் குருவி. கீச்... கீச்... ட்ர்ர்ர். எவனோ செல்ஃபோனைப் பக்கத்தில் வைத்துவிட்டான் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் மிதவையில் ஏதாவது பறவை உட்கார்ந்திருக்கும். முதலில் ஒன்று. கீச், கீச், ட்ர்ர்ர். பிறகு அதைவிடச் சின்னதாக இன்னொன்று, அதே மாதிரி, ஆனால் சரியாக வராமல். கீ... கீட்ர்ர். பெரியது சொல்லிக் கொடுக்கிறது, சின்னது தப்புத் தப்பாகச் சொல்கிறது. பத்து நிமிடம் இருந்திருக்கும். அதை மட்டும் நாலைந்து தடவை ஓட்டிக் கேட்டேன். எதற்கென்று கேட்காதீர்கள். துடைப்பதற்கு முன்னால் அழுக்கு எது என்று தெரிய வேண்டாமா? பிறகு வெட்டிவிட்டேன்.

ஏன் இரண்டு பேரும் இப்படி நிற்கிறார்கள்?

"ஆவுளியா" என்கிறான் கயித்தான். கடல் பசுவாம். "குட்டியோட மேஞ்சிருக்கு சார். எங்க அப்பன் சொல்லித்தான் கேட்டிருக்கேன், அது குருவி மாதிரி கூப்பிடும்னு. இந்தக் காதால நான் கேட்டது இல்ல. நீங்க கேட்டிருக்கீங்களே சார்."

அந்தப் பெண்ணுக்கு முகமே மாறிவிட்டது. கையைக் கூப்புகிறாள். அது ஒன்று அங்கே மேய்ந்தாலே போதுமாம், சட்டம் ஜெட்டிக்காரனை அந்தப் பக்கமே விடாதாம். "சார், உள்ள வாங்க சார். இப்பப் போட்ட அதே சத்தத்தை ஒரு தடவ கமிட்டி முன்னால போட்டுக் காட்டுங்க. உலகத்துல அந்தப் பதிவைக் கேட்டவர் நீங்க ஒருத்தர்தான் சார்."

நான்? கலெக்டர் முன்னால் நின்று கீச்சுக்கீச்சென்று கத்த வேண்டுமா? அந்த வக்கீல் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். 'தெளிவான பதிவு' என்று சொன்னவர். அவர் முன்னால் நான் குருவி மாதிரி கத்தவா? என்னை என்ன பலகுரல் மன்னன் என்று நினைத்தாயா? அம்மா, தாளைக் கொண்டு வா. கையெழுத்துப் போடுகிறேன். ஆமாம், போடுகிறேன் என்றுதான் சொன்னேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் முறையாக, சுத்தமான தாளில். அடித்தல் இல்லாமல், மடிப்பு இல்லாமல். குருவிச் சத்தத்தையும் அதில் எழுது.

ஓடுகிறாள் பாருங்கள், எதிர்த்தாற்போல் ஜெராக்ஸ் கடைக்கு. செருப்பு அறுந்துவிட்டது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். டாக்டர்!

மணி நாலே முக்காலா? நேரம் இருக்கிறது.

கயித்தான், நீ என்ன பார்க்கிறாய்? சிரிக்கிறாயா? சிரிக்கவில்லையா? சரி. தம்பி, ஒன்று சொல்கிறேன். அவள் முதல் நாளே வந்து, 'சார், பத்தொன்பது நாள் உட்கார்ந்து செய்திருக்கீங்க, அருமையான வேலை, ஆனா எனக்கு வேற மாதிரி வேணும்' என்று கேட்டிருந்தால், நான் அன்றைக்கே போட்டிருப்பேன். கேட்கிற விதம் என்று ஒன்று உண்டே. கடல் பேசுவதைக் கேட்கக் காது இருக்கிறது. மனிதன் வேலை செய்ததைப் பார்க்கக் கண் இல்லை.

வந்துவிட்டாள். கொடும்மா. மூச்சு வாங்கு முதலில். ஐந்துக்கு இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது.

ம். 'பொருள்' சரி. 'பார்வை' சரி. தேதி போட்டிருக்கிறாய், சரி. மார்ஜின் எங்கே? இடது பக்கம் மார்ஜின் விடவில்லையே. இதை ஃபைலில் கோத்தால் முதல் எழுத்தெல்லாம் ஓட்டைக்குள் போய்விடும். இருபத்தெட்டு வருடத்தில் மார்ஜின் இல்லாத தாளில் நான்... அவசரப்படாதே. என் பையில் அடிக்கோல் இருக்கிறது. ஒரு கோடு போட எவ்வளவு நேரம்? தம்பி, இந்தப் பையைப் பிடியுங்கள். பென்சில் முனை மழுங்கியிருக்கிறது, கொஞ்சம் சீவிவிட்டால்... பேனாவில் போடு என்கிறாள். பேனாவில் யாராவது மார்ஜின் போடுவார்களா? தாளை அசைக்காமல் பிடி அம்மா, கோடு கோணிவிடும். பார்த்தாயா, கோணிவிட்டது. அழி ரப்பர்... இரு, இரு. ஆயிற்று. இப்போது பார், தாள் எப்படி இருக்கிறது! பேனாவைக் கொடு.

யாரப்பா அது? ஏன் பூட்டுகிறாய்?

"அஞ்சாயிட்டு சார். கமிட்டி ஐயாமாரு பின்வாசல் வழியா எந்திச்சுப் போயிட்டாவ. எதுவானாலும் இனிமே கோர்ட்டுலதான் பாத்துக்கிடணும்" என்கிறான் பியூன். ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம்தானே ஆகியிருக்கிறது. இதோ போட்டுவிட்டேன் பார், கையெழுத்து, தேதி, இனிஷியல். அம்மா, வாங்கிக்கொள். ஏன் வாங்க மாட்டேன் என்கிறாய்? மார்ஜின் போட்டிருக்கிறேனே.

"பரவாயில்ல சார்" என்கிறாள். அவ்வளவுதான். அறுந்த செருப்போடு போகிறாள். பேனாவை என் கையிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். இப்போதாவது ஒரு தேங்க்ஸ் சொன்னாளா? நீங்களே சாட்சி.

உனக்கு என்ன வேண்டும் கயித்தான்?

"அந்தச் சத்தத்த இன்னொருக்கப் போடுங்க சார். குட்டி சத்தத்தையும் சேத்து."

சரி, கேட்டுத் தொலை. கீச்... கீச்... ட்ர்ர்ர். கீ... கீட்ர்ர்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டான் பார்த்தீர்களா? துடுப்பைக் காதில் வைத்தது மாதிரியே. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போகிறான். இவர்களுக்கு மரியாதை என்ன தெரியும் தம்பி? நீங்கள்தான் நல்ல பிள்ளை, கடைசி வரை உட்கார்ந்து...

ஏன் எழுந்துவிட்டீர்கள்? பையை ஏன் பெஞ்சில் வைக்கிறீர்கள்? என்னது, டோக்கனா? நாற்பத்தேழு எப்போது போயிற்று? அப்போது, அந்த ஸ்பீக்கரில், கரகரவென்று... தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், திங்கட்கிழமை திரும்ப வந்தால் புது டோக்கன் தருவார்கள். தம்பி! ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். உங்களைத்தான் கூப்பிட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஏதோ சத்தம் என்றல்லவா நினைத்தேன்.